பெருமாள்மலையில் மரம் விழுந்தால்... இரண்டு பாதை இருந்தும் என்ன?

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு பக்கமிருந்து ஒரு மலைப்பாதை, பழநி பக்கமிருந்து இன்னொன்று. ஒன்றில் மண் சரிந்தால் மற்றொன்றில் போய்விடலாம் என்றுதான் தோன்றும். ஆனால், இரண்டும் பெருமாள்மலையில் ஒன்று சேர்ந்துவிடுகின்றன. அதற்கு மேல் ஊருக்குள் போக ஒரே ரோடு. அந்தக் கடைசித் தூரத்தில் ஒரு பெரிய மரம் சாய்ந்தால், இரண்டு பக்கத்து வண்டிகளும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இன்டர்நெட்டிலும் இப்படிப் பெருமாள்மலைகள் உண்டு.

போனில் ஒரு வெப்சைட்டின் பெயரைத் தட்டுகிறீர்கள். போனுக்குப் பெயர் போதாது, அதற்குரிய ஐபி எண் வேண்டும. கான்டாக்ட் லிஸ்ட்டில் ‘சித்தி’ என்று தேடினால் நம்பர் வருகிறதே, அதுபோல எண்ணை எடுத்துத் தருவது டிஎன்எஸ் சர்வர். அது படுத்துவிட்டால், சிக்னல் முழுசாக இருந்தாலும் பக்கம் திறக்காது. 2024 மே 7 முதல் சுற்றுலா வண்டிகள் கொடைக்கானலுக்குள் போக இ-பாஸ் வேண்டும். அந்தப் பாஸ், ரூம் புக்கிங், யூபிஐ என்று மலை ஏறும் முன்பே டிஎன்எஸ்ஸைப் பலமுறை கூப்பிட்டிருப்பீர்கள்.

அதனால்தான் ஒரு வெப்சைட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டிஎன்எஸ் சர்வர்கள். அவை வேறு வேறு இடத்தில், வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்று 1997-லேயே ஆர்எஃப்சி 2182 என்ற வழிகாட்டி சொல்லிவிட்டது. எல்லோரும் கேட்கவில்லை. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டிடம் நான்கு சர்வர்கள் இருந்தன. நான்கும் ஒரே நெட்வொர்க்கில்! ரவுட்டர் செட்டிங்கில் நடந்த ஒரு தவறில் நான்கும் காணாமல்போக, அதன் தளங்கள் கிட்டத்தட்ட ஒரு நாள் முடங்கின.

2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப் நின்றது ஞாபகமிருக்கிறதா? ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள் பல ஊர்களில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால், எல்லாமே கம்பெனியின் ஒரே உள் நெட்வொர்க்கை நம்பியிருந்தன. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அதைத் துண்டித்ததும், சர்வர்களுக்குப் போகும் வழியே மறைந்துவிட்டது. சுமார் 6 மணி நேரம் உலகமே போனை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருந்தது.

கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இன்றே ஒன்றைப் பார்க்கலாம். வைஃபை ரவுட்டர் செட்டிங்கில் டிஎன்எஸ் எண்ணுக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். பலர் 1.1.1.1, 1.0.0.1 என்று நிரப்பியிருப்பார்கள். இரண்டுமே கிளவுட்ஃப்ளேர் கம்பெனியுடையவை. இந்திய நேரப்படி 2025 ஜூலை 15 அதிகாலையில் அந்தச் சேவை ஒரு மணி நேரம் நின்றபோது இரண்டும் சேர்ந்தே போயின. இரண்டாவது கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 போன்ற வேறு கம்பெனி எண்ணைப் போடுங்கள். காசு செலவில்லை, ஐந்து நிமிட வேலை.

கேபிளே அறுந்தால் இது உதவாது. அதற்கு வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு 4ஜி ரவுட்டர் வேண்டும். வாங்கும் முன், அந்த டவரும் உங்கள் பிராட்பேண்டும் ஒரே ஃபைபரில்தான் தொங்குகின்றனவா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.