வல்வில் ஓரி: கருத்தும் பழக்கமும் பயனும்

மாந்தர் செய்யும் வினை ஒவ்வொன்றும் ஒரு பயனை நோக்கிச் செல்கின்றது. அப்பயனை அளிப்பது வினைசெய்வோன் அப்பொழுது கொண்ட கருத்தோ, நெடுநாட் பயின்ற பழக்கமோ என்பது வினவத்தக்கது. சங்கச் சான்றோர் இவ்வினாவிற்கெனத் தனிநூல் வகுத்திலர். எனினும், இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்துள்ள கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிய பாடல்கள் இதற்குத் தெளிவான விடை தருவன. அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இலக்கணத்தை நோக்குவாம். ஒரு தொழில் நிகழ்தற்குரிய முதனிலைகளைத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் எட்டாக எண்ணுவர். வினை, வினைமுதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, ஏற்போன், பயன் என அவற்றைச் சுருங்கக் கூறலாம். வழக்கிற்கேற்ப இவற்றுட் சில குறையவும் பெறும். கருத்து என்பது இவ்வெட்டனுள் தனியே எண்ணப்படவில்லை. அது வினைமுதலின்கண் அடங்கிக் கிடப்பது. ஏற்போன், பயன் என்னும் இறுதி இரண்டன் வாயிலாகவே புறத்தே புலப்படுவது. இனி, முக்காலத்தும் ஒரு தன்மையாய் நிகழும் பொருளின் வினையைச் ‘செய்யும்’ என்னும் பொதுச்சொல்லாற் கூறுதல் வேண்டுமென்பது வினையியல் விதி. மலை நிற்கும் என்பது போல்வது அது. இவ்விதி இயற்கைப் பொருளை நோக்கியதேனும், மாந்தர் ஒழுக்கத்திற்கும் இதனை விரித்துக் காணலாம். ஒருநாட் கொடுத்தவனை ‘ஈந்தான்’ என்கிறோம். கொடுத்தலே இயல்பாயினவனை ‘ஈயும்’ என்கிறோம். முன்னது கருத்தின் வினை. பின்னது பழக்கத்தின் வினை.

இவ்விரண்டும் ஒருங்கு தோன்றும் இடம் வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டாகும். காட்டுவழிச் சென்ற பாணர் கூட்டம் வேடன் ஒருவனைக் காண்கின்றது. அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியையும் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைக்கின்றது. இது புனைந்துரை எனச் சிலர் கருதலாம். ஆயினும் புலவர் ஆராயும் முறையே நமக்கு வேண்டுவது. வில்லாண்மையைக் கண்டு வியந்தவர், அடுத்து அவன் கருத்தை ஆராய்கின்றார். இவன் ஊனை விலைக்கு விற்போன் போலத் தோன்றவில்லை என்பது அவர் துணிபு. அம்பு ஐந்து உயிர்களிற் பாய்ந்தமை கைப்பழக்கத்தின் பயன். விலை நோக்காமை உள்ளக் கருத்தின் அடையாளம். கைத்திறன் வேடர் பலர்க்கும் வாய்க்கலாம். அது எதன்பொருட்டுச் செல்கின்றது என்பதே ஆளை அறிவிக்கின்றது.

பாணர் முறைப்படி பாடி, ‘கோ’ என விளித்த அளவில் அவன் நாணுகின்றான். அவர்கள் தம் வேட்கையை வாய்திறந்து சொல்லவும் இடங்கொடாமல், வேட்டையிற் கிடைத்த ஊனையும் மதுவையும் மலையிற் பெற்ற பொன்னையும் மணியையும் வழங்குகின்றான். இரப்போன் கேட்ட பின்னரே கொடுப்பவன், கொடுக்கலாமா எனத் தன்னுள் ஒருமுறை வினவிக் கொள்கின்றான். ஓரிக்கு அவ்வினா எழவில்லை. அவன் கொடை, அவன் அம்பைப் போலவே, பயிற்சியால் தடையின்றிச் செல்கின்றது எனக் கொள்ளல் தகும்.

பழக்கத்தால் விளையும் பயன் கருத்தைக் கடந்து செல்வதும் உண்டு. ஓரியிடம் மணியாலான குவளைக் கண்ணியும் அணிகலனும் யானையும் பெற்ற கலைஞர், பசி நீங்கிய நிலையில் ஆடலையும் பாடலையும் மறந்தனர் என அதே புலவர் கூறுவர் (புறம். 153). பசியை மாற்றுதல் ஓரியின் கருத்து. கலையை மறப்பித்தல் அவன் கருத்தன்று. பசியினால் உந்தப்பட்ட பயிற்சி, பசி நீங்கவே தளர்ந்தது. புலவர் இதனைப் புகழாகவே பாடினரேனும், பயனை முற்றும் ஆளுதல் வள்ளலுக்கும் இயலாது என்னும் உண்மை அதனுள் அமைந்துள்ளது.

இதன் மறுதலையைக் கழைதின் யானையார் காட்டுவர் (புறம். 204). வள்ளலை நினைந்து சென்றோர் பரிசில் பெறாது மீளின், புள் நிமித்தத்தையும் புறப்பட்ட பொழுதையுமே பழிப்பர். வள்ளலைப் பழியார் என்பது அவர் கூற்று. ஒருநாட் பயன் தவறினும், மழைபோற் சுரக்கும் இயல்பினன்மேல் ஐயம் எழுவதில்லை. ஆகவே ஒருவனை மதிப்பிடுங்கால் ஒரு வினையின் பயனன்று, வினைகளின் தொடர்ச்சியே அளவுகோலாகின்றது.

ஓரியின் முடிவு இம்முடிபை உறுதிசெய்கின்றது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்பது அகநானூற்று 209ஆம் பாட்டால் அறியப்படும். ஓரம்பால் ஐந்து விலங்குகளை வீழ்த்திய வில், உடையவனைக் காக்கவில்லை. ஆயினும் அவன் வீழ்ச்சியைக் கூறும் அப்பாட்டே அவனை அழியாப் புகழ் நிறுவியவன் என்கின்றது. விற்பழக்கம் வெற்றியை உறுதிசெய்யவில்லை. கொடைப் பழக்கமோ பெயரை நிலைபெறச் செய்தது.

அம்மலைக்கே உரிய கொல்லிப்பாவையையும் ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம். காற்று மோதினும் மழை கடுகினும் இடி வீழினும் நிலம் அதிரினும் தன் வடிவில் திரியாத பாவையைப் பரணர் பாடுவர் (நற். 201). பாவையின் நிலைபேறு இயற்கையால் அமைந்தது. அதன்கண் கருத்து இல்லை, ஆதலின் புகழும் பழியும் இல்லை. மாந்தன் நிலைபேறு அவன் நாடோறும் செய்து ஈட்டுவது. கருத்து வினையைத் தொடங்குகின்றது; பழக்கம் அதனை இயல்பாக்குகின்றது; பயன் இரண்டிற்கும் முழுதும் அடங்குவதன்று. அடங்காத பயனுக்கு நாம் பொறுப்பேற்க வல்லமல்லேம்; அமைத்துக்கொள்ளும் பழக்கத்திற்குப் பொறுப்பேற்கலாம். ஓரியைப் பாடிய புலவர்வழி நாம் பெறும் தெளிவு இதுவேயாகும்.