மரபணு நன்றாகத்தான் இருக்கிறது, ஷட்டர்தான் திறக்கவில்லை

நம் நாட்டில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா ரத்தப் பரிசோதனை நடக்கிறது. 'உங்கள் பிள்ளை தலசீமியா கேரியர்' என்று கடிதம் வந்தால், "நாளைக்குக் கல்யாணம் பேசும்போது என்ன சொல்வது?" என்றுதான் வீட்டில் முதலில் கவலைப்படுவார்கள். கேரியர் நோயாளி அல்ல. ஆனால் பீட்டா தலசீமியா கேரியர்கள் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நோய் கடுமையாக இருந்தால் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்தும் வேண்டும்.

ஹீமோகுளோபின் உருவாகத் தேவையான பீட்டா குளோபின் மரபணுவில் பழுது இருப்பதே வழக்கமான காரணம். 1983-இல் ஆய்வாளர்கள் விவரித்த ஒரு டச்சு நோயாளியின் கதை வேறு. அவருடைய ஒரு குரோமோசோமில் அந்த மரபணு முழுதாக இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. அதற்கு முன்னால், வெகு தூரம் வரை நீண்டிருந்த ஒரு டிஎன்ஏ துண்டுதான் காணாமல் போயிருந்தது.

ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றி மடிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டமைப்பின் பெயர் குரோமாட்டின். காலை ஏழு மணிக்கு லெபோ பாசாரில் நடந்து பாருங்கள். கடைக்குள் சேலை அடுக்கு அடுக்காக இருக்கும், ஆனால் ஷட்டர் இறங்கியிருந்தால் வியாபாரம் ஏது? குரோமாட்டின் இறுகியிருந்தால் மரபணுவின் கதியும் அதுதான்.

எலிகளிலும் இதே புதிர் இருந்தது. எலியின் கருமுட்டைக்குள் மனித பீட்டா குளோபின் மரபணுவைச் செலுத்தினால், அது குரோமோசோமில் எங்காவது போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு எலியில் கொஞ்சம் வேலை செய்யும், இன்னொன்றில் அடியோடு ஊமை. எல்லாம் போய் ஒட்டிய இடத்தைப் பொறுத்தது.

இதற்கிடையே வேறொரு துப்பும் கிடைத்திருந்தது. டிஎன்ஏவை வெட்டும் ஒரு நொதியை ரத்தச் சிவப்பணுக்களாக வளரும் செல்களில் சோதித்தபோது, அந்தத் தொலைதூரப் பகுதியின் சில இடங்களை அது எளிதாக வெட்டியது. அங்கே குரோமாட்டின் திறந்திருந்தது என்று பொருள். 1987-இல் லண்டனில் பிராங்க் குரோஸ்வெல்டு குழுவினர் அந்தப் பகுதியையும் மரபணுவோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். இம்முறை மரபணு எங்கே ஒட்டினாலும் எலியின் சொந்த மரபணுவுக்கு ஈடாக வேலை செய்தது. எத்தனை பிரதிகள் நுழைந்தனவோ, அதற்கேற்ப அளவும் கூடியது. டச்சு நோயாளி இழந்திருந்ததும் இந்தத் திறவுகோலைத்தான். மரபணுவை மட்டும் எழுத்தெழுத்தாகப் படித்திருந்தால் காரணம் பிடிபட்டிருக்காது.

2022-இல் அமெரிக்கா அனுமதித்த 'சின்டெக்ளோ' மரபணு சிகிச்சையில், நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களுக்குள் மரபணுவோடு இந்தத் திறவுகோலின் துண்டுகளும் செலுத்தப்படுகின்றன. அங்கே அறிவித்த விலை, ஒருவருக்கு 28 லட்சம் அமெரிக்க டாலர். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு இன்னமும் ரத்தப் பைதான்.