லேப்டாப்புக்கு வேர்த்தால் என்ன செய்வது?



போன மே மாதம் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. காரணம் நான்தான்.

எங்க அக்கா கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.சி.ஏ. படிக்கிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, யாரோ பயன்படுத்திய ஒரு பழைய கேமிங் லேப்டாப் வாங்கினார். அவர் டூட்டிக்குப் போனதும் நான் அதில் கார் ரேஸ் ஆடுவேன். அன்றும் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு எழுந்தேன். அக்கா வந்து, மெத்தை மேல் அதை வைத்து புராஜெக்ட் அடிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் 'டப்'பென்று அணைந்துவிட்டது. சேவ் செய்யாத நாலு பக்கம் போயே போச்சு. அடியில் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது.

"நீ கேம் ஆடி ஆடித்தான்டா இது வீணாப் போச்சு. இனிமே தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உண்டியல் காசை எடுத்துப் போய், அடியில் இரண்டு ஃபேன் வைத்த கூலிங் பேட் ஒன்று வாங்கி வந்தேன். அதை அப்படியே வைத்தபோது பெரிய பலன் இல்லை. பிறகு அதில் சில மாற்றம் செய்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது?

சிப்புக்குள் போகும் மின்சாரம் எல்லாமே கடைசியில் சூடாகத்தான் மாறும். கேமிங் லேப்டாப்பில் முக்கிய சிப்பும் கிராபிக்ஸ் சிப்பும் சேர்ந்து 100 வாட்டுக்கு மேல்கூட இழுக்கும். பழைய குண்டு பல்பு ஒன்று 60 வாட். அது எரியும்போது தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்! அந்தச் சூடு ஒரு நோட்டுப் புத்தக அளவு பெட்டிக்குள் அடைந்து கிடந்தால் என்ன ஆகும்?

அதை வெளியே கொண்டுவரத்தான் உள்ளே செம்புக் குழாய் இருக்கிறது. அதன் பெயர் ஹீட் பைப். குழாய்க்குள் துளியூண்டு தண்ணீர் வைத்து, காற்றை எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள். நம் வீட்டு இட்லிப் பானையை நினைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் ஆவியாகி மேலே போகிறது, மூடியில் பட்டுத் துளியாகித் திரும்பச் சொட்டுகிறது. இதிலும் அதேதான். சிப் பக்கம் தண்ணீர் ஆவியாகிச் சூட்டைத் தூக்கிக்கொண்டு மறுமுனைக்கு ஓடும். அங்கே மெல்லிய தகடுகள் வழியாக ஃபேன் காற்று அடிக்கும். ஆவி குளிர்ந்து, குழாயின் உள்சுவரில் உள்ள நுண்ணிய இழைகள் வழியே தண்ணீராகத் திரும்பிவிடும். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் இதைச் செய்து காட்டினார். விண்வெளிக் கலங்களில் பயன்பட்ட அதே தத்துவம்தான் இன்று நம் மடி மேல் இருக்கிறது.

பல இன்டெல் லேப்டாப் சிப்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான். அப்படியும் சூடு ஏறினால், உயிர் பிழைக்க அணைந்துவிடும். அக்காவுடைய புராஜெக்ட் போனது இப்படித்தான். மெத்தை, அடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிட்டது. (அதாவது தப்பு என் ஒருத்தன் மேல் மட்டும் இல்லை! ஆனால் இதை அக்காவிடம் சொல்லவில்லை.)

நான் செய்த முட்டாள்தனம்

பேட் சரியில்லையே, காற்று போதவில்லை போல என்று நினைத்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து ஃபேனைக் கழற்றிப் பேட்டில் பொருத்தினேன். சூடு குறையவில்லை, கூடியது! காரணம் இரண்டு.

ஒன்று, அது 12 வோல்ட் ஃபேன். யு.எஸ்.பி.யில் வருவது 5 வோல்ட்தான். சோம்பேறித்தனமாகச் சுற்றியது.

இரண்டு, தலைகீழாக மாட்டிவிட்டேன். லேப்டாப்பின் ஃபேன் அடியிலிருந்து காற்றை உள்ளே இழுக்கிறது. என் ஃபேன் அதே காற்றைக் கீழே இழுக்கிறது. கயிறு இழுக்கும் போட்டிதான்!

மாமா சொன்ன ரகசியம்

நம் ஊரைச் சுற்றிக் காரும் செய்கிறார்கள், லேப்டாப்பும் செய்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லிருந்து கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை 2010-ல் திறந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு டெல் ஆலை 2007-ல் வந்தது. 2021-ல் ஹெச்.பி. லேப்டாப்புகளையும் இங்கே ஃப்ளெக்ஸ் ஆலையில் செய்யத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: சூடு.

என் மாமா ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் லைனில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் என் பேட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்ள, கார் ரேடியேட்டர் பின்னாடி ஃபேனைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்குமே, பார்த்திருக்கியா?"

"ஆமா மாமா, எதுக்கு அது?"

"அதுக்குப் பேரு ஷ்ரவுடு. அது இல்லேன்னா ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காது. பக்கத்து இடுக்குல இருந்து சும்மா இழுத்துக்கும். மழைத் தண்ணி பள்ளம் பார்த்து ஓடுற மாதிரி, காத்தும் லேசான வழி பார்த்துத்தான் ஓடும். உன் பேட்ல நாலு பக்கமும் திறந்து கிடக்கு. காத்து லேப்டாப் அடியில முட்டிட்டு வெளியே ஓடிடுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபேனைக் கூட்ட வேண்டியதில்லை. ஓட்டையை அடைக்க வேண்டும்!

செய்முறை

தேவையானவை: கூலிங் பேட், கதவு இடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப் ஒரு சுருள், கெட்டி அட்டை, கத்தரிக்கோல்.

1. லேப்டாப்பை ஓடவிட்டு, துளைகள் பக்கத்தில் ஒரு நூலைப் பிடியுங்கள். நூல் உள்ளே இழுக்கப்பட்டால் அது காற்று நுழையும் வழி. வெளியே பறந்தால் சூடு வெளியேறும் வழி. சில லேப்டாப்கள் அடியிலிருந்து காற்று இழுக்காது. உங்களுடையது அப்படி என்றால் இந்த வேலை வேண்டாம்.

2. பேட் ஃபேன் மேல் நோக்கி ஊதுகிறதா என்று ஒரு தாள் துண்டை வைத்துப் பாருங்கள்.

3. பேட்டின் வலையில், ஃபேனுக்கு நேராக இல்லாத இடங்களை அட்டையால் மூடுங்கள்.

4. நுழையும் துளைகளையும் பேட் ஃபேன்களையும் சேர்த்து வளைத்து, ஒரு செவ்வகமாக ஸ்பாஞ்ச் டேப் ஒட்டுங்கள். லேப்டாப்பை வைத்தால் ஸ்பாஞ்ச் நன்றாக அமுங்க வேண்டும். இப்போது பேட்டும் லேப்டாப்பும் சேர்ந்து ஒரு மூடிய பெட்டி. காற்றுக்கு ஒரே ஒரு வழிதான், லேப்டாப்புக்குள்!

5. வெளியேறும் துளையை ஸ்பாஞ்ச் மறைக்கவே கூடாது.

6. பேட்டின் ஒயரை லேப்டாப்பில் சொருகாமல், 5 வோல்ட் மொபைல் சார்ஜரில் சொருகுங்கள். சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான், அதாவது 2.5 வாட்தான் தரும்.

அளந்து பார்த்தது

எச்.டபிள்யூ. மானிட்டர் என்ற இலவச மென்பொருள் சிப்பின் சூட்டைக் காட்டும். அதே கேம், அதே மேசை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம். அறையில் 34 டிகிரி. வந்த அதிகபட்சச் சூடு:

வெறும் மேசை மேல் – 97
வாங்கிய பேட், அப்படியே – 95
தலைகீழ் ஃபேன் – 98
ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட் – 89
உள்ளே தூசி தட்டிய பிறகு – 81
கேமில் வேகத்தை நொடிக்கு 60 படம் என்று கட்டுப்படுத்தியதும் – 76

கடைசி இரண்டையும் கவனியுங்கள். தூசி தட்டியதற்கு எட்டு டிகிரி! நம் ரோட்டில் லாரி ஓடுகிற ஓட்டத்துக்குத் தூசிக்குப் பஞ்சமா? தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி அடைந்திருந்தது. மாமாதான் திறந்து, பிரஷால் எடுத்தார். கடைசியில் குறைந்த ஐந்து டிகிரிக்கு ஒரு பைசா செலவு இல்லை. தேவையில்லாத படங்களை வரையாவிட்டால் அந்தச் சூடு உண்டாகவே உண்டாகாது.

இன்னொன்று. எந்த ஃபேனும் அறைக் காற்றை விடக் குளிர்ந்த காற்றைத் தராது. அறை 6 டிகிரி குறைந்தால் சிப்பும் கிட்டத்தட்ட 6 டிகிரி குறையும். சென்னையில் 2003 மே 31 அன்று வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் மதியம் கேம் ஆடுவதை விட, விடியற்காலையில் ஆடுவது எந்தப் பேட்டை விடவும் நல்லது. (விடியற்காலையில் படிப்பது அதைவிட நல்லது என்று எங்க அம்மா சொல்லச் சொன்னார்.)

ஜாக்கிரதை!

• பேட் ஃபேனை அணைத்துவிட்டு இந்த ஸ்பாஞ்ச் பெட்டியில் லேப்டாப்பை ஓட்டாதீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி ஆகிவிடும். ஸ்பாஞ்ச் ஒட்டிய பிறகு சூடு கூடினால் உங்கள் பேட் ஃபேனுக்குப் பலம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு பக்க ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள்.

• ஐஸ் கட்டி, ஈரத்துணி வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த இடத்தில் தண்ணீர் முத்து முத்தாகப் படிந்து உள்ளே இறங்கும்.

• தூசி தட்டும்போது சார்ஜரைக் கழற்றி, முழுவதும் அணைத்துவிட்டுத் தெரிந்த பெரியவர் துணையோடு திறக்கவும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் பிடித்துக்கொள்ளவும்.

• லேப்டாப்பின் சார்ஜர் ஒயரை வெட்டி ஃபேனுக்குக் கொடுக்காதீர்கள். அது 19 வோல்ட் அளவில் இருக்கும்.

• பேட்டரி உப்பியிருந்தால் உடனே நிறுத்துங்கள். அதற்குக் கூலிங் பேட் மருந்து இல்லை.

கடைசியாக

அக்கா புராஜெக்ட்டை மறுபடி அடித்து, அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை சேவ் செய்து, முடித்துக் கொடுத்துவிட்டார். லேப்டாப் அதன்பிறகு அணையவில்லை. "ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஆடிக்கோ. ஆனா மெத்தை மேல வைக்காதே" என்றார். மெத்தை மேல் வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

நண்பர்களே, ஃபேனைக் கூட்டுவதற்கு முன் ஓட்டையை அடையுங்கள். அதற்கும் முன்னால் தூசியைத் தட்டுங்கள். எது செய்தாலும் செய்வதற்கு முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள். அளக்காமல் இருந்திருந்தால் தலைகீழ் ஃபேனையே பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன்!

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் சூட்டை அளந்து, அறையின் சூட்டோடு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த சுவர் இதழில் எல்லோருடையதையும் பட்டியலாகப் போடலாம்.



– பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு