மா (சொல்)

மா என்பது தமிழில் பல பொருள் தரும் ஓரெழுத்து ஒருமொழி ஆகும். நன்னூல் கூறும் 42 ஓரெழுத்து மொழிகளுள் இதுவும் ஒன்று. இதே ஒலி வேறு மொழிகளிலும் தனிச்சொல்லாக வழங்குகிறது.

தமிழில்

மாமரம், விலங்கு, குதிரை, அரைத்த மாவு, பெரிய (மாநகர்), இருபதில் ஒரு பங்கு (1/20), ஒரு நில அளவு ஆகிய பொருள்கள் உண்டு. தமிழின் ‘மாங்காய்’, மலையாளத்தின் ‘மாங்ங’ ஆகியவற்றை ஒட்டிய சொல்லே போர்த்துக்கீசியத்தில் ‘மங்கா’ ஆகி, அதன் வழியே ஆங்கிலத்தில் ‘மாங்கோ’ ஆயிற்று.

பிற மொழிகளில்

வடமொழி: ‘வேண்டாம்’ எனத் தடுக்கும் சொல், திருமகளையும் குறிக்கும்.

அரபு: ‘என்ன’, ‘இல்லை’. இறுதியில் ஒரு தொண்டை ஒலி சேர்ந்தால் ‘நீர்’.

சீனம்: குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப தாய், சணல், குதிரை, திட்டுதல்.

உறவா, தற்செயலா?

தமிழிலும் சீனத்திலும் ‘மா’ குதிரையைக் குறிப்பதால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று முடிவு செய்யக்கூடாது. சீனச் சொல்லின் பழைய வடிவில் மகரத்தை அடுத்து ரகரமும் இருந்ததாக மொழியியலார் மீட்டுருவாக்கியுள்ளனர். தமிழ்ச் சொல்லோ விலங்குகளுக்குப் பொதுப்பெயராகவும் வழங்குவது. ‘மாங்கோ’வின் நிலை வேறு, அது வணிகத்தின் வழியே கைமாறி வந்த தடம் தெரிகிறது. ஒலி ஒப்புமை ஆய்வின் தொடக்கம் மட்டுமே. பழைய வடிவத்தையும் சொல் வந்த வழியையும் பார்த்த பின்னரே உறவைச் சொல்ல இயலும்.