பம்பாயின் இயற்கை ஆய்வாளர்கள் – 3: உப்பு இலாகா அதிகாரி எய்ட்கன்

எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன் 1851 ஆகஸ்ட் 16 அன்று சத்தாராவில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து வந்த பாதிரியார். மகனுக்கு அவரே ஆசிரியர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற எய்ட்கன் சில ஆண்டுகள் புனே டெக்கான் கல்லூரியில் லத்தீன் கற்பித்தார். 1876 ஏப்ரலில் பம்பாய் அரசின் சுங்க, உப்பு இலாகாவில் சேர்ந்தார். லத்தீன் வாத்தியாரை இயற்கை ஆய்வாளராக்கியது இந்த உத்தியோகம்தான்.

அன்று உப்புக்கு வரி உண்டு. கள்ள உப்பு வெளியேறாமல் தடுக்க உப்பளங்களிலும் கழிமுகங்களிலும் எல்லைச் சாவடிகளிலும் காவல் இருந்தது. அதிகாரிக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலையில்லை. கட்ச் பாலையை ஒட்டிய காராகோடா, பம்பாய்த் துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள உரண், ரத்னகிரி, வட கன்னடம், கோவா எல்லை என்று எய்ட்கன் மாற்றலாகிக்கொண்டே இருந்தார். பாலை, சேற்றுநிலம், சதுப்புக் காடு, மழைக்காடு எல்லாம் சம்பளத்தோடு பார்க்கக் கிடைத்தன.

எய்ட்கனைப் போல உயிரினங்களைச் சேகரிப்பவர்கள் மாகாணமெங்கும் தனித்தனியாக இருந்தார்கள். சேர்த்ததைக் காட்டவும், ஒத்துப் பார்த்துப் பெயர் அறியவும் பொது இடம் இல்லை. 1883 செப்டம்பர் 15 அன்று பைகுல்லா விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் (இன்றைய பாவு தாஜி லாட் அருங்காட்சியகம்) எட்டுப் பேர் கூடி பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எண்மரில் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் ஆகிய இருவரும் இந்திய மருத்துவர்கள். எய்ட்கன் முதல் செயலாளரானார். 1884 ஜனவரியில் மது வணிகர் பிப்சன் ஃபோர்ப்ஸ் தெருவிலிருந்த தம் கடையில் சங்கத்துக்கு இடம் ஒதுக்கினார். 1886 ஜனவரியில் சங்கத்தின் ஆய்விதழ் வெளிவந்தது. எய்ட்கனும் ஸ்டெர்ன்டேலும் ஆசிரியர்கள்.

எய்ட்கனின் முக்கியமான பட்டாம்பூச்சிச் சேகரிப்பு கார்வாரைத் தலைநகராகக் கொண்ட வட கன்னட மாவட்டத்தில் நடந்தது. கலெக்டர் ஜேம்ஸ் டேவிட்சனும் வனத்துறையைச் சேர்ந்த டி.ஆர். பெல்லும் துணை நின்றார்கள். அக்காலச் சேகரிப்பாளர்கள் பலரும் வலை வீசிப் பிடித்து, ஊசி குத்திப் பெட்டியில் அடுக்குவதோடு நிறுத்திக்கொண்டார்கள். இம்மூவரும் புழுக்களை வளர்த்தார்கள். முட்டையோ புழுவோ இருந்த இலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே செடியின் புதிய தழையைப் போட்டு வளர்க்க வேண்டும்; தோல் உரிப்பது, கூட்டுப்புழுவாவது, சிறகு விரிப்பது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, அரளி தின்னும் ஒரு புழு இலையடியில் தலைகீழாகத் தொங்கி, வெள்ளி பூசியது போல் மின்னும் கூட்டுப்புழுவாக மாறும். மாட்டுங்கா, செம்பூர் வீட்டுத் தோட்டத்து அரளியில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

வளர்ப்பதால் இரண்டு லாபம். சிறகு கிழியாத மாதிரிகள் கிடைக்கும். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்று எந்தப் பட்டாம்பூச்சியாகிறது என்பதும் உறுதியாகும். சில இனங்கள் மழைக்காலத்தில் ஒரு தோற்றமும் வறண்ட காலத்தில் வேறு தோற்றமும் கொள்வதால், ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைக்கப்பட்டதுண்டு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வளர்ப்பே வழி. பம்பாய் மாகாணப் புழுக்களைப் பற்றி டேவிட்சனும் எய்ட்கனும் 1890-இல் ஆய்விதழில் எழுதினார்கள். வட கன்னடப் பட்டாம்பூச்சிகளைப் பற்றி மூவரும் எழுதிய கட்டுரை 1896 முதல் பகுதி பகுதியாக வந்தது. பெல் இதே வழியில் பல ஆண்டுகள் தொடர்ந்தார்.

கொசுக்கள் மலேரியாவைப் பரப்பும் முறை 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் செய்த ஆய்வால் தெளிவாகத் தொடங்கியது. கோவா எல்லைச் சுங்கச் சாவடிகளில் காவலர்கள் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்ததால், 1902-இல் அரசு அதை ஆராய எய்ட்கனை அனுப்பியது. அங்கே அவர் கண்ட புதிய அனோபிலிஸ் கொசு இனத்துக்கு ‘அனோபிலிஸ் எய்ட்கனி’ என்று அவர் பெயரே வைக்கப்பட்டது. நிழலான காட்டோடைகளில் பெருகும் அந்த இனம் மலேரியாவைப் பரப்புவதாக அறியப்படவில்லை.

பொதுவாசகர்கள் அவரை ‘ஈஹா’ என்ற புனைபெயரில் அறிந்தார்கள். 1883-இல் வந்த ‘தி டிரைப்ஸ் ஆன் மை ஃபிரான்டியர்’ பங்களாவுக்குள் புகும் எலி, பல்லி, எறும்பு, காகம் முதலியவற்றை எல்லைப்புறக் குடிகளாகப் பாவித்து எழுதிய நகைச்சுவை நூல். 1900-இல் வந்த ‘தி காமன் பேர்ட்ஸ் ஆஃப் பாம்பே’ நகரவாசி தினமும் காணும் பறவைகளைப் பற்றியது. வீட்டு வேலைக்காரர்களைப் பற்றிய ‘பிஹைண்ட் தி பங்களா’வில் மட்டும் அந்தக் கூர்மையான பார்வை, எஜமானின் ஏளனமாக மாறிவிடுகிறது.

1903-இல் கராச்சியில் சுங்க, உப்பு வருவாயின் தலைமைக் கலெக்டரானார். சிந்து மாகாண கெசட்டியரைத் தொகுத்து, 1906-இல் ஓய்வு பெற்றார். 1909 ஏப்ரல் 11 அன்று எடின்பரோவில் காலமானார்.

(தொடரும்)