கண்ணகி கதையை முதலில் சொன்னது யார்?

போடிநாயக்கனூருக்குள் பஸ் நுழையும்போதே மூக்கு விழித்துக்கொள்ளும். ஏலக்காய்! ஏலக்காயை ஏலம் விடுகிற ஊர். (சிலேடைக்கு நான் பொறுப்பல்ல, ஊரே அப்படி!) எந்த ரகம், என்ன விலை என்று ஊரே விரல்நுனியில் வைத்திருக்கும். அந்தக் காய் விளைகிற மலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்... "எஸ்டேட்காரங்க சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முதுவர், மன்னான், பளியர் எல்லாம் என்ன ஆனார்கள்?

தங்கள் பூர்வீகம் மதுரை என்று முதுவர்களும் சொல்கிறார்கள், மன்னான்களும் சொல்கிறார்கள். போடிநாயக்கனூரை நாயக்கர்கள் பிடித்தபோது முதுவர்கள் மலையேறிப் போனார்கள் என்ற கதையை, 1909-ல் வந்த தன் புத்தகத்தில் எட்கர் தர்ஸ்டனும் பதிவு செய்திருக்கிறார். சாமி சிலையை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்பது அவர்களுடைய பெயர்க் காரணம்.

மதுரை என்றதும் கண்ணகி வந்துவிடுவாள் இல்லையா? வருகிறாள்!

"சிலப்பதிகாரமா? அதை ஸ்கூலோட மறந்தாச்சே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு காட்சி. சேரன் செங்குட்டுவன் பேரியாற்றங்கரையில் தங்கியிருக்கிறான். மலைக்குறவர்கள் காணிக்கைகளோடு வந்து, வேங்கை மர நிழலில் நின்ற ஒரு பெண் தங்கள் கண்ணெதிரே வானுலகம் போனதைச் சொல்கிறார்கள். அவள் யார், என்ன நடந்தது என்று சாத்தனார் விளக்குவதெல்லாம் அதற்கப்புறம்தான். இளங்கோவடிகளிடமும் முதலில் வந்து சொன்னவர்கள் மலைவாசிகளே என்கிறது பதிகம். மைக் இல்லை, பொன்னாடை இல்லை, ஆனால் அதுதான் அசல் பொதுக்கூட்டம்! காட்டுக்காரர்கள் பேச, அரசனும் புலவரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று விடவும் வழியில்லை. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, பூப்பாறை, நெடுங்கண்டம் தாண்டி கட்டப்பனைப் பக்கம் போனால் கோழிமலை. மன்னான்களின் தலைநகர். ராஜாவே உண்டு! யானை, பல்லக்கெல்லாம் தேடாதீர்கள், விவசாயம் பார்க்கிறவர். 2025 குடியரசு தின விழாவுக்கு ராமன் ராஜமன்னானை டெல்லிக்கு அழைத்திருந்தார்கள். அறுவடையை ஒட்டி வரும் காலாவூட்டு விழாவில் மத்தளம் முழங்க இவர்கள் ஆடும் கூத்தின் கதை என்ன தெரியுமோ? கோவலன், கண்ணகி! சேலை கட்டிய ஆண்களே பெண் வேஷம் போடுவார்கள். பேச்சு தமிழை ஒட்டியது.

1956-ல் மாநில எல்லை போட்டபோது இந்த மலைகள் கேரளத்தோடு நின்றன. கூத்தும் அந்தப் பக்கத்துக் கணக்கில் சேர்ந்தது. நாம் பூம்புகாரில் கண்ணகிக்கு மாடம் கட்டினோம், மெரினாவில் சிலை வைத்தோம். அவள் கதையை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறவர்களை ஒருநாள் மதுரைக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசச் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

கேரளத்தில் கொஞ்சம் தோன்றியிருக்கிறது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த பள்ளிக் கலைவிழாவில் ஐந்து பழங்குடிக் கலைகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். குமுளிப் பக்கத்துப் பளியர் நடனமும், மறையூர் மலைப்புலையர் ஆட்டமும் அதில் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் மேடையில் ஆடுகிற பிள்ளை அந்தக் குடியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில நிமிஷம், மார்க், அடுத்த டீம்! கோவலன் கதையை அதற்குள் எப்படி மடக்குவது? காற்சிலம்பு கழற்றுவதற்குள் மணி அடித்துவிடுவார்களே!

சிட்னி நகரத்து ரெட்ஃபெர்னில் 1972-ல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் தங்களுக்கென்றே நாடக அரங்கு தொடங்கினார்கள். நிலம் கேட்டுப் போராடிய அதே ஆட்கள், அதே வருஷம்! லண்டனில் 2009-ல் ஆரம்பித்த 'ஆரிஜின்ஸ்' விழாவில், நியூஸிலாந்து மாவோரிகள் உள்படப் பல நாட்டுப் பூர்வகுடிகள் நாடகமும் போடுகிறார்கள், மேடையேறிப் பேசவும் செய்கிறார்கள். கப்பலிலும் பீரங்கியிலும் போய் நிலத்தைப் பிடித்தவர்களின் ஊரில், சீட்டில் உட்கார்ந்து கேட்கிறார்கள்!

நமக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை. 2023 ஜூனிலிருந்து போடிக்கு மறுபடி ரயிலே வந்துவிட்டது. அங்கிருந்து மலைக்கு பஸ். ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். காமிராவை மட்டும் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்து, கூத்து முடிந்ததும் யாராவது ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.