பூனை முடிக்குப் பயமா? சீப்பை எடுங்கள்!

'பூனை வளர்க்கிறீங்களா? ஐயையோ, வீடெல்லாம் முடி கொட்டுமே!'

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்கும் முன்பே கேட்கிற கேள்வி இது. கொட்டத்தான் செய்யும். சோபாவில் முடி, தலையணையில் முடி, இஸ்திரி போட்டு வைத்த வேட்டியில் முடி! இதைத் தாங்க முடியாமல், வளர்த்த பூனையைச் சாக்குப் பையில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருகிற வீடுகளும் உண்டு. மடியில் வளர்ந்த ஜீவன் தெருவில் எத்தனை நாள் தாங்கும்?

சென்னையில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் இரண்டு பூனைகளோடு ஆறு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ஒன்று, மொட்டை மாடியில் தானாக வந்து ஒட்டிக்கொண்ட நாட்டுப் பூனை, கறுப்பி. மற்றது, என் மகன் ஆசைப்பட்டு வாங்கி வந்த வெள்ளைப் பெர்ஷியன், மல்லி. தினம் பத்து நிமிஷமும் ஒரு சீப்பும் இருந்தால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஏன் கொட்டுகிறது?

குளிர் நாடுகளில் பகல் நீளும்போதும் குறையும்போதும் பூனை மொத்தமாக முடி உதிர்க்கும். சென்னையிலோ வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு ராத்திரி பத்து மணி வரை டியூப் லைட்! ஆகவே நம் வீட்டுப் பூனைகளுக்கு வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கும்.

பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அதன் நாக்கைத் தொட்டுப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அதிலுள்ள சின்னஞ்சிறு முட்கள் கரண்டி போலக் குழிந்தவை, எச்சிலை அள்ளி முடியின் அடி வரை கொண்டு போகின்றன என்று 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் பெர்ஷியன் பூனையின் அடர்ந்த முடியில் அந்த முட்கள் தோலை எட்டுவதில்லை. அதனால்தான் மல்லிக்குச் சடை விழுகிறது, கறுப்பிக்கு விழுவதில்லை. நாக்கு எட்டாத இடத்துக்கு நம் கை போக வேண்டும்!

சீவும் முறை

வாய் அகன்ற பல் உள்ள எஃகுச் சீப்பு ஒன்று, நம் வீட்டுப் பேன் சீப்பு போல நெருக்கமான பல் உள்ளது ஒன்று. இரண்டும் பூனைக்கென்றே தனியாக இருக்கட்டும். பெர்ஷியனுக்குத் தினமும், நாட்டுப் பூனைக்கு வாரம் ஒரு முறையோ இரு முறையோ சீவினால் போதும்.

வயிறு நிறைந்து, தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரம் பாருங்கள். கன்னம், தாடை, முதுகு என்று அதற்குப் பிடித்த இடத்தில் தொடங்கி, முடி படிந்த திசையிலேயே சீவுங்கள். வயிறும் தொடையும் கடைசியில். வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டினால் 'போதும்' என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். முதல் வாரம் இரண்டு நிமிஷம் சீவினாலே பெரிது.

காதுக்குப் பின்னும் கக்கத்திலும் சடை விழுந்திருந்தால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது. சடையோடு சேர்ந்து மேலே எழும்பி வெட்டுப்பட்டுவிடும். கொஞ்சம் சோள மாவு தூவி, அடி முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து விரலால் பிரியுங்கள். பெரிய சடையானால் கால்நடை டாக்டரிடம் போய் மெஷினால் எடுத்துவிடலாம். 'வெயில் காலமாச்சே' என்று மொட்டை அடிப்பது வேண்டாம். வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அந்த முடிதான்.

நாட்டுப் பூனைக்குக் குளியல் அவசியமில்லை. பெர்ஷியனைக் குளிப்பாட்டினால் வெதுவெதுப்பான தண்ணீரில், பூனைக்கென்று விற்கும் ஷாம்புவால் மட்டும். அடி முடி வரை நன்றாக உலர வேண்டும்.

மேலே பட்டது வயிற்றுக்குள்!

இதைக் கட்டம் கட்டிப் படியுங்கள். பூனையின் மேலே பட்டதெல்லாம் நாக்கு வழியாக வயிற்றுக்குள் போகும். முடி பளபளக்கட்டும் என்று எண்ணெய் தடவ வேண்டாம். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் விஷம். அந்துருண்டையும் அப்படியே. இவற்றை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தெள்ளுப்பூச்சிக்கு நாய் மருந்தைப் போடவே கூடாது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே வாங்கும். காய்ச்சலென்று பாராசிட்டமால் கொடுப்பதும் அதே கதைதான்.

தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்த்தாலும் முடி பொலிவிழக்கும். பூனை மாமிச ஜீவன். டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். சைவ வீடானால் பூனைகளுக்கென்றே கடையில் கிடைக்கும் உணவை வாங்கிப் போடுங்கள்.

வீட்டைக் காப்பது

துடைப்பத்தால் பெருக்கினால் முடி காற்றில் பறந்து மறுபடி படியும். ஈரத் துணியால் துடையுங்கள். ரப்பர் கையுறையை லேசாக நனைத்து சோபாவைத் தடவினால் முடி உருண்டு திரண்டு வரும். பூனை தூங்கும் இடத்தில் ஒரு பழைய வேட்டியை விரித்து, வாரம் ஒரு தடவை துவையுங்கள்.

இழுப்பும் பிள்ளைத்தாய்ச்சியும்

சென்ற வருடம் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். மாமியாருக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு.

'ஏம்மா, வாயும் வயிறுமா பொண்ணு வர்ற நேரத்துல பூனை எதுக்கு? முடி உள்ளே போனா சிசுவுக்கு ஆகாது. எங்கேயாவது கொடுத்துடு' என்றார்.

'அத்தை, டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்' என்றேன்.

மகப்பேறு டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். கர்ப்பிணிகள் பயப்பட வேண்டிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வருவது, முடியில் அல்ல. மலத்தில் வெளிவந்த பிறகு அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே மண் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். பூனைக்குப் பச்சை மாமிசம் போடக் கூடாது. நாமும் காய்கறியை நன்றாகக் கழுவி, கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும்.

இழுப்பு விஷயத்தில் மாமியார் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் குற்றவாளி முடியல்ல. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ப் பசையிலும் உள்ள ஒரு புரதம் அது. காய்ந்து பொடியாகி, முடியில் ஏறிச் சவாரி செய்கிறது! அதனால் பால்கனியில் வைத்து நானே சீவுகிறேன், அதற்கென்று ஒரு பழைய மேல்துணி. அத்தையின் அறைக் கதவு பூனைக்கு எப்போதும் சாத்தியிருக்கும். போர்வை வாரா வாரம் வெந்நீரில். டாக்டர் கொடுத்த இன்ஹேலரும் தவறாமல் நடக்கிறது. பேரன் பிறந்து எட்டு மாதமாகிறது, எல்லோரும் சௌக்கியம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்குச் சீப்பு மட்டும் போதாது. பூனை கூடாது என்று டாக்டரே சொன்னால், அன்பாக வளர்க்கும் தெரிந்த வீட்டில் ஒப்படையுங்கள். சாக்குப் பை வேண்டாம்.

எப்போது டாக்டர்?

சீவும்போது கண்ணும் வேலை செய்யட்டும். சீப்பில் கறுப்புத் துகள் வந்தால் ஈரத்தாளில் வையுங்கள். செம்மையாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சி இருக்கிறது. வட்ட வட்டமாக முடி போயிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். வயிற்றிலும் தொடையிலும் நக்கி நக்கியே முடி போனால் அரிப்போ, வலியோ, மனக்கலக்கமோ இருக்கக்கூடும். வயதான பூனை நக்குவதையே நிறுத்தினால் பல்லிலோ மூட்டிலோ வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்போதாவது ஒரு முடி உருண்டையை வாந்தி எடுப்பது சகஜம். அடிக்கடி ஓக்களித்தாலோ, ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டாலோ தாமதிக்காதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

சாயங்காலம் பெண்ணுக்குத் தலை பின்னி முடித்ததும், அந்தக் கையோடு பூனையையும் மடியில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள், ஈரத் துணியில் சேரும் முடி குறைந்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்!